மூடிக் கிடந்த தையல் மெஷின்

பழைய படுக்கை விரிப்பை விலக்கிப் பார்த்தால் மெஷின் கடையில் இருந்து இறக்கிய மாதிரியே நிற்கிறது. எண்ணெய் பூசியிருக்கிறது. சில்லில் தூசி இல்லை. ஊசியில் நூலும் இல்லை. கொடுத்து எட்டு மாதம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மெஷினுக்காக வெளிநாட்டில் இருக்கிற ஒருவரிடம் காசு கேட்டு வாங்கியவன் நான். 'விதவைப் பெண் சொந்தக் காலில் நிற்கப் போகிறா' என்று அவருக்கு எழுதியதும் நான்தான். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து, சுவாமியார் ஆசீர்வதித்து, சனம் பார்க்கக் கொடுத்தோம். இப்போது பார்த்தால் அது அரிசிப் பைக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

நான் வாயைத் திறக்க முதல் மிசி அக்கா என் கையைப் பிடித்து அமத்தினா.

மிசி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற மருத்துவமாது. எங்கள் கரையோரக் கத்தோலிக்கப் பங்கில் நாற்பது வயதுக்குக் கீழ் இருக்கிற பாதிப் பேரை அவவுக்குக் குழந்தையாகத் தெரியும். எங்கள் பிறரன்புக் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். கிழமைக்கு ஒருநாள் பங்கு மண்டபத்தின் பக்க அறையில் கூடுவோம். வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போவோம். என்னுடைய சோடி அவதான். நான் சங்கக்கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். எனக்குத் தொகை தெரியும், ஆளைத் தெரியாது. அவவுக்கு மற்றப்பக்கம்.

இந்த இரண்டிரண்டு பேராகப் போகிற முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1833 இல் பாரிஸில் பிரடெரிக் ஒசானம் என்ற இருபது வயது மாணவர் ஒரு சில நண்பர்களோடு தொடங்கியதுதான் வின்சென்ட் டி போல் சபை. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அந்தப் பெடியளுக்குக் காட்டிக் கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. நகரத்தின் வறிய பகுதி ஒன்றில் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவர் அவர். எங்கள் குழு அந்தச் சபையின் கிளை அல்ல. கூட்டத்தில் பை சுற்றி வருவது, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் போடுவது, வீட்டுக்கே போவது, போனதைக் கூட்டத்தில் சொல்வது, இவ்வளவையும் அவர்களைப் பார்த்து எடுத்துக்கொண்டோம். வீடு கட்டுவது, வெள்ள நிவாரணம் மாதிரிப் பெரிய வேலைகளுக்கு மறைமாவட்டத்தின் கரித்தாஸ் அமைப்பான ஹியூடெக் இருக்கிறது. எங்களுடையது சின்ன வேலை. அரிசி, மருந்து, பள்ளிக்கூடச் சப்பாத்து, பஸ் காசு.

சின்ன வேலையில் எப்படிப் பிழை விடலாம் என்று கேட்டால், அந்த மெஷினைக் காட்டுவேன்.

மிசி அக்கா அன்றைக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "நேற்று விடிய எழும்பினதில இருந்து என்ன செய்தனீ, சொல்லு பிள்ளை" என்றா. அவ்வளவுதான்.

அந்தத் தங்கச்சி சொல்லத் தொடங்கினா. விடிய நாலு மணிக்கு எழும்பினது, மகளுக்குப் புட்டு அவித்தது, கரைக்குப் போனது, வலையில் இருந்து நண்டு கழற்றினது. "எத்தினை மணிக்கு வந்தனீ?" எட்டுக்கு. "பிறகு?" அரிசி கிளைந்தது. "கல்லுப் பொறுக்கினனியோ?" மகள் பள்ளிக்கூடத்தால் வந்துதான் பொறுக்குவாள். ஏன்? அங்கேதான் கதை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "முந்தி வலை பொத்தினனான் மிசி. நாள் கூலி நல்லாத்தான் வந்தது. இப்ப ரெண்டு மூண்டு வருசமா வலைக்கண் தெரியேல்லை. பிழையாக் கட்டிப்போட்டுப் பேச்சு வாங்கினதோட விட்டிட்டன்" என்றா.

வலைக்கண் தெரியாதவவுக்கு நாங்கள் ஊசிக்கண்ணில் நூல் கோக்கிற மெஷினைக் கொடுத்திருக்கிறோம்.

வயது ஐம்பத்திரண்டு. வெள்ளெழுத்து. எனக்கும் அந்த வயதில் வந்ததுதான். கண்ணாடி போட்டேன், முடிந்தது. அவவுக்கு அது வருத்தம் என்றே தெரியவில்லை, வயது போனால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறா. எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மெஷின் தருகிற அன்று பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கியபோது அவ அதை மகளிடம் நீட்டி வாசிக்கச் சொன்னதைக் கண்டேன். படிப்பு இல்லையாக்கும் என்று நானே ஒன்றை நினைத்துக்கொண்டேன். அவ அந்தக் காலத்து ஓ.எல். வரை படித்தவ.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"என்னண்டு அண்ணை சொல்லுறது? சுவாமி கூப்பிட்டுத் தாறார். எல்லாரும் கை தட்டுகினம்."

கூரை ஒழுகுகிற பக்கம் வைக்காமல், மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு, எட்டு மாதம் எங்கள் மெஷினைக் காவல் காத்திருக்கிறா. "துருப்பிடிச்சால் நான்தானே பொறுப்புச் சொல்ல வேணும்" என்றா.

அடுத்த கிழமை மிசி அக்கா அவவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனா. நேரே கடையில் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று நான் அவசரப்பட்டேன். "பூ விழுந்திருக்கோ, பிறசர் இருக்கோ எண்டு பாராமல் கண்ணாடி போட்டால் உள்ளுக்கு இருக்கிற வருத்தம் தெரியாது. சீனி வருத்தத்தையும் பாக்க வேணும்" என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. நல்லகாலம், வெறும் வெள்ளெழுத்துத்தான். இரண்டரைப் பவர். மெஷினின் விலையில் இருபதில் ஒரு பங்கு கூட அந்தக் கண்ணாடிக்குப் போகவில்லை. பத்தாம் நாள் அவ கரையில் வலை பொத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். மூக்கில் கண்ணாடி, கால் பெருவிரலில் வலையைக் கொழுவி இழுத்துப் பிடித்தபடி, கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று தொடங்குவதில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. நாங்கள் என்ன வைத்திருக்கிறோம் என்று சனத்துக்குத் தெரியும், அதையே கேட்பார்கள். ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மெஷின் போனால் மற்ற நாலு வீடும் மெஷின்தான் கேட்கும். யுத்தம் முடிந்த கையோடு வாழ்வாதாரம் வாழ்வாதாரம் என்று கோழிக்கூடு கொடுத்த காலம் நினைவிருக்கிறதா? திட்ட இலக்கம் பெயின்ரால் எழுதிய கூடுகள் எங்கள் பக்கம் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் விறகு. ஒன்றில் வலை. ஒன்றில் நாய் குட்டி போட்டிருந்தது. கோழி இருக்கிற ஒரு கூட்டையும் நான் காணவில்லை.

நேற்றைய நாளைக் கேட்டால் எல்லாம் வரும். என்ன சமைத்தது, யார் தண்ணீர் எடுத்தது, எந்த மருந்து முடிந்தது, யார் வந்து கத்திப்போட்டுப் போனது.

முதற்தடவை போகும்போது நாங்கள் விட்ட இன்னொரு பிழை, மோட்டார் சைக்கிளும் பைலும். ஒரு வீட்டில் படலையடியில் ஹோர்ன் அடித்தோம். உள்ளே றேடியோ பாடுகிறது, அடுப்பில் புகை வருகிறது, ஆள் இல்லை. மூன்று தடவை இப்படி. நாலாந்தரம் பக்கத்து வீட்டு ஆச்சி சிரித்துக்கொண்டு சொன்னா, "உங்களைக் கண்டால் லோன்காரர் மாதிரியெல்லோ கிடக்கு." குழுக் கடன் எடுத்த வீடுகள் அவை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற கடன். கிழமைக்கு ஒருநாள் கொம்பனிப் பெடியன் பைலோடு மோட்டார் சைக்கிளில் வருவான். நாங்கள் அச்சாக அவனேதான். இப்போது நடந்து போகிறோம், வெறுங்கையோடு. கண்டதை வெளியே வந்து ஒழுங்கை முடக்கில் நின்று துண்டில் எழுதுகிறோம். அந்த ஒழுங்கையில் அறவிடுகிற நாள் எது என்று கேட்டு வைத்திருக்கிறோம். அன்றைக்குப் போவதில்லை.

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதுவரை எங்கள் பக்கம் உதவி என்றால் கிழவிகளும் விதவைகளும்தான். அந்த மாதத்துக்குப் பிறகு, சொந்தமாக வள்ளமும் எஞ்சினும் வைத்திருந்தவனே பின்பக்கத்தால் வந்து மிசி அக்காவோடு கதைத்துவிட்டுப் போனான். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்க வழியில்லாமல் வள்ளம் கரையில் ஏறிக் கிடந்தது. இந்தப் புதுச் சனத்துக்குப் பொதி வாங்கிப் பழக்கமில்லை. பகலில் கொண்டுபோனால் வாங்கவே மாட்டார்கள்.

அப்போதுதான் கடைக் கொப்பி முறைக்கு வந்தோம். ஒழுங்கைக் கடையில் அவர்களுக்கு ஏற்கெனவே கடன் கொப்பி இருக்கும். அதில் ஒரு பகுதியை நாங்கள் போய்க் கட்டினால் கடைக்காரர் மறுபடி சாமான் கொடுப்பார். வீட்டுக்காரிக்குத் தேவையானதை அவவே எடுக்கலாம். பால்மாவோ, விளக்கெண்ணெயோ, பெண்பிள்ளைக்குத் தேவையான சாமானோ, அது எங்கள் சோலி அல்ல. மொத்தக் கடையில் வாங்கிய பொதியில் எப்போதும் பருப்பும் சோயாவும்தான் இருக்கும். அந்தச் சோயாவை முகம் சுழிக்காமல் தின்ற பிள்ளை ஒன்றை நான் காணவில்லை. பொதிக்கு வேறொரு குறையும் உண்டு. நாங்கள் பொதி கொண்டுபோகிற மாதம் அந்தச் சின்னக் கடைக்கு வியாபாரம் விழும். கொப்பி முறையில் இருக்கிற குறை, கடைக்காரருக்கு விசயம் தெரியவரும். வாய் இறுக்கமான கடைக்காரர் என்றால் மட்டும் செய்கிறோம். ஒரு கடையில் இதனாலேயே விட்டுவிட்டோம்.

பொதி வாங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது நானும் அம்மாவும் நாவற்குழிப் பாலத்தால் போனவர்கள்தான். தென்மராட்சியில் ஒரு கோயில் வளவில் மூன்று கிழமை இருந்தோம். பேர் வாசிப்பார்கள், போய் வாங்க வேண்டும். வாசித்தவர் நல்ல மனிதர், நித்திரை இல்லாமல் வேலை செய்தவர். ஆனாலும் பேர் வாசிக்கிற நேரம் அம்மா என்னைத்தான் அனுப்புவா. அவ ஒருநாளும் போகவில்லை. இது தெரிந்த நானே இருபத்தைந்து வருசம் கழித்துக் கோயில் வாசலில் பேர் வாசித்து மெஷின் கொடுத்திருக்கிறேன். மனிதன் எவ்வளவு வேகமாக மறக்கிறான் பாருங்கள்.

படம் விசயத்தில் இப்போது கறார். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்களில் அரைவாசிப் பேர் படம் கேட்பார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது, முன்பு ஏமாந்திருப்பார்கள். நாங்கள் கடை பில்லையும் கணக்குத் தாளையும் அனுப்புகிறோம். முகம் அனுப்புவதில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விட்டார்கள். ஒருவர் இரண்டு மாதம் கழித்து, "பில் காணும், அண்ணை" என்று திரும்பி வந்தார்.

எங்களிடம் காசு எப்போதும் கொஞ்சம்தான். தவக்காலத்தில் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்ப்போம். உலையில் போட முதல் ஒரு பிடி எடுத்துப் பானையில் போடுகிற பழைய பழக்கம். அதில் அரிசியை விடக் கதைகள் கூட வரும். எந்த வீட்டில் இந்த வருசம் பானை வெறுமையாக வந்தது என்று பார்த்தால், அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காசைவிட எங்களால் கூடுதலாகச் செய்ய முடிந்தது கடதாசி வேலை. இதை யாரும் தர்மம் என்று சொல்ல மாட்டார்கள். 2023 இல் சமுர்த்தி என்ற அரசாங்க உதவிக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, தரத்தைப் பொறுத்து மாதம் 2,500 ரூபாவில் இருந்து 15,000 ரூபா வரை என்றார்கள். எங்கள் பை சுற்றி வந்து ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொகையை மாதாமாதம் கொடுக்க முடியுமா? கனவிலும் ஏலாது. ஆனால் விண்ணப்பத்தோடு ஒருநாள் ஓடித் திரிய முடியும். அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

கத்தோலிக்க வீடுகளில் இந்தப் பெயர்ச் சிக்கல் ஒரு தனி வியாகுலம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். ஞானஸ்நானத்தில் மரியம்மா. வீட்டில் ராணி. அடையாள அட்டை எடுத்த அன்று யாரோ எழுதிய எழுத்துப்பிழை வேறு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர். எழுபத்து நாலு வயது ஆச்சி ஒருவரிடம் பிறந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பங்கு அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, பூச்சி தின்ற பக்கங்களில் ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினோம். தாய், தகப்பன், ஞானத்தாய், திகதி எல்லாம் இருந்தது. ஆச்சி தன் ஞானத்தாயின் பெயரை வாசிக்கக் கேட்டதும், "ஓ, கொழுக்கட்டை அவிக்கிற மாமி" என்றா. அந்தச் சான்றிதழைக் கிராம சேவகரான விதானையாரிடம் ஆதாரமாகக் காட்டித்தான் மற்ற அலுவல்கள் நகர்ந்தன. முடிய ஐந்து மாதம் எடுத்தது. இதற்கு எங்களுக்கு ஆன செலவு போட்டோக் கொப்பியும் ஓட்டோக் காசும்.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: விதானையார் கந்தோர் எந்த நாள் திறக்கும், பிரதேச செயலகத்தில் எந்த மேசையில் யார் இருக்கிறார், மூலப் பிரதியைக் கையை விட்டு விடாதே, கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கு. செபம் தெரிந்துதான் வருவார்கள். முத்திரை வாங்கத் தெரியாது.

வேதக்காரருக்கு மட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் கொப்பியில் மூன்றில் ஒரு பங்கு சைவ வீடுகள். அங்கே போய்ச் செபமாலை சொல்லலாமா என்று ஒரு பெடியன் கேட்டான். அவர்கள் கேட்டால் சொல்லு என்று மிசி அக்கா முடித்துவிட்டா. ஒரு சைவ அம்மா மட்டும், மகனின் சோதனைக்கு முதல்நாள், "உங்கட மாதாவிட்டயும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ" என்றா. சொன்னோம்.

எங்கள் கைக்கு மிஞ்சின விசயங்களும் வரும். ஒரு வீட்டில் பிள்ளையின் முதுகில் தழும்பு கண்டோம். தகப்பனோடு கதைத்துத் திருத்தலாம் என்று நான் நினைத்தேன், ஆள் எனக்குப் பழக்கமானவன். மிசி அக்கா விடவில்லை. "நாங்கள் போய்க் கதைச்சிட்டு வந்திடுவம். ராத்திரி அடி வாங்கிறது ஆர்?" அன்றைக்கே பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் போனோம். 1929 சிறுவர்களுக்கான இலக்கம், 1938 பெண்களுக்கானது, இரண்டையும் இப்போது ஒவ்வொருவரும் போனில் பதிந்து வைத்திருக்கிறோம். அந்த வீட்டுக்காரன் என்னோடு இன்றுவரை முகம் கொடுப்பதில்லை. பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறது.

இன்னும் பிடிபடாத ஒன்று, எப்போது நிறுத்துவது என்பது. ஒரு ஐயா வீட்டுக்கு ஆறு வருசம் போனோம். பிள்ளைகள் இரண்டும் வெளியில், காசு வருகிறது, எங்கள் அரிசி அவருக்குத் தேவையே இல்லை. கூட்டத்தில் ஒருவர், "பிறகேன் போறியள், கணக்கில இருந்து வெட்டுவம்" என்றார். கணக்குப்படி அது சரி. நானும் கையை உயர்த்தினேன். இரண்டு கிழமை கழித்து ஐயா பொல்லை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு வந்து, "வியாழக்கிழமை தேத்தண்ணி வச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். வெட்டினதை மறுபடி எழுதினோம். கொப்பியில் 'கொடுப்பது என்ன' என்ற இடத்தில் வெறும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

தையல் மெஷினை அந்தத் தங்கச்சியே ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டா, ஓட்டோக் காசையும் தானே கொடுத்து. காசு தந்தவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர் பதில் போடவில்லை. மெஷின் எங்கள் பக்க அறையில் யன்னலடியில் நிற்கிறது. இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். மிசி அக்கா இரண்டு பேரிடமும் நேற்று விடிய எழும்பினதில் இருந்து என்ன செய்தார்கள் என்று விசாரித்தா. ஒருவருக்குப் பல்லுக் கொதி, மாதக் கணக்காக. மற்றவவுக்குத் தையல் தெரியும், ஆனால் வீட்டில் மெஷின் வைக்க இடமில்லை. வேணுமென்றால் பின்னேரத்தில் இங்கேயே வந்து தைக்கலாமா என்று கேட்டிருக்கிறா. அறைத் திறப்பு யாரிடம் இருப்பது என்று வருகிற கிழமைக் கூட்டத்தில் கதைக்க வேண்டும்.